வெள்ளையணுவின் பெப்டைடை பிளேட்டில் சோதிப்பது எப்படி

எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு ஒதுக்கும் சமயத்தில், "ஆன்டிமைக்ரோபியல் பெப்டைடு பண்ணலாமா மேடம்?" என்று யாராவது வந்து நிற்பார்கள். தாராளமாகப் பண்ணலாம். அடுத்த கேள்வியில்தான் வம்பு: "அகார் வெல் டிஃப்யூஷன் போட்டா போதும்ல?"

போதாது. வேப்பிலைச் சாற்றுக்கும் கற்றாழைக்கும் போடுகிற அதே முறையை மனித வெள்ளையணு கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் எல்எல்-37 போன்ற பெப்டைடுக்கும் (சிறிய புரதத் துண்டு) போட்டால், நல்ல பெப்டைடாக இருந்தும் குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையம் சரியாக வராது. அகாரில் எதிர்மின்னேற்றம் கொண்ட சல்ஃபேட் தொகுதிகள் உண்டு. நேர்மின்னேற்றம் கொண்ட பெப்டைடு அவற்றோடு ஒட்டிக்கொண்டு குழியை விட்டு நகராமல் கிடக்கும். மாணவர் "செயல்திறன் இல்லை" என்று எழுதிவிடுவார். வளையமே வேண்டும் என்று கைடு பிடிவாதம் பிடித்தால், அகாருக்குப் பதில் மின்னேற்றம் குறைந்த அகரோஸ் வாங்கி அதில் குழி போடுங்கள். நான் பரிந்துரைப்பது குழித்தட்டில் எம்ஐசி பார்ப்பதைத்தான், அதாவது பாக்டீரியா வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிப்பது.

இந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் பெப்டைடின் மின்னேற்றம்தான் குறுக்கே வந்து நிற்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு பாக்டீரியாவைக் கொல்வதும் அதே மின்னேற்றத்தை வைத்துத்தான். அதனால் செல் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் பிப்பெட்டைக் கையில் எடுப்போம்.

செல்லுக்குள் நடப்பது

வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் பொதுவாகப் பாதிக்கும் மேல் இவைதான். ஒவ்வொன்றுக்குள்ளும் கிரான்யூல் எனப்படும் நுண்பைகள் நிறைய இருக்கும். எல்லாப் பைகளிலும் ஒரே சரக்கு இருக்காது.

அஸூரோஃபில் வகைப் பைகளில் டிஃபென்சின்கள் இருக்கின்றன. 29, 30 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய பெப்டைடுகள். மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் அவற்றை இறுக்கமாக மடித்து வைத்திருக்கும். 1985-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தாமஸ் கான்ஸ், ராபர்ட் லெரர் ஆகியோரின் குழு மனித நியூட்ரோஃபிலிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்து விவரித்தது. இந்தப் பைகளில் உள்ள புரதத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை டிஃபென்சின்தான். இவ்வளவு பெரிய பங்கை ஒரு செல் சும்மா ஒதுக்காது.

இரண்டாம் வகை, ஸ்பெசிஃபிக் கிரான்யூல். ஹெச்கேப்-18 என்ற புரதம் இதில் இருக்கிறது. இந்த நீளமான வடிவில் அது பாக்டீரியாவைக் கொல்லாது. அதன் வால் பகுதியிலிருக்கும் 37 அமினோ அமிலங்களை வெட்டி எடுத்தால்தான் எல்எல்-37 கிடைக்கும். வெட்டுகிற நொதி புரோட்டினேஸ்-3. அந்த நொதி இதே பையில் இல்லை, அஸூரோஃபில் பையில் இருக்கிறது! நியூட்ரோஃபில் பாக்டீரியாவை விழுங்கிய பிறகோ, பைகளை வெளியே கொட்டிய பிறகோதான் இரண்டு பைகளின் சரக்கும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அதுவரை செல் தன் ஆயுதத்தால் தானே காயப்படாமல் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை எத்தனை வருடம் வகுப்பில் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

விழுங்கப்பட்ட பாக்டீரியா ஃபேகோசோம் என்ற சின்னஞ்சிறு அறைக்குள் அடைபடுகிறது. பைகள் அந்த அறையோடு இணைந்து சரக்கைக் கொட்டும்போது, உள்ளே பெப்டைடின் அடர்த்தி ஒரு மில்லிக்கு மில்லிகிராம் கணக்கில் ஏறும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ரத்தப் பிளாஸ்மாவில் வெட்டப்படாத ஹெச்கேப்-18 ஒரு மில்லிக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு எண்களையும் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் தேவைப்படும்.

பெப்டைடு அங்கே தனியாள் இல்லை. லைசோசைம், லாக்டோஃபெரின், எலாஸ்டேஸ், ஆக்சிஜனிலிருந்து செல் தயாரிக்கும் நச்சுப்பொருள்கள் எல்லாம் கூடவே இறங்குகின்றன. சில நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக விரித்து வெளியே வீசுகின்றன. 2004-ல் பெர்லினில் ஆர்துரோ சைக்லின்ஸ்கியின் ஆய்வகம் காட்டிய விஷயம் இது. அந்த வலையிலும் இந்த வகைப் பொருள்கள் ஒட்டியிருக்கும்.

இத்தனை பேர் இருக்கும்போது எல்எல்-37 இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டால், காஸ்ட்மேன் நோயைச் சொல்வேன். பிறவியிலேயே நியூட்ரோஃபில் மிகக் குறைவாக இருக்கும் நோய் அது. நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டால் எண்ணிக்கை ஏறிவிடும். ஆனாலும் பல்லைச் சுற்றியுள்ள ஈறு நோய் விடாது. 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அந்த நோயாளிகளின் நியூட்ரோஃபில்களைப் பார்த்தபோது, அவற்றில் எல்எல்-37 இல்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள், கையில் ஆயுதம் இல்லை.

மின்னேற்றத்தை விரல்விட்டு எண்ணுங்கள்

கணினியில் போட்டால் நொடியில் வரும், தெரியும். ஒரு தடவையாவது தாளில் எண்ணிப் பாருங்கள். எல்எல்-37 லூசின், லூசின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம், ஃபினைல்அலனின், ஃபினைல்அலனின், ஆர்ஜினின், லைசின் என்று தொடங்குகிறது. முழு வரிசையையும் எழுதி லைசின், ஆர்ஜினின்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அஸ்பார்ட்டிக் அமிலத்தையும் குளூட்டாமிக் அமிலத்தையும் நீல மையில். லைசின் 6, ஆர்ஜினின் 5, ஆக 11 சிவப்பு. அஸ்பார்ட்டிக் 2, குளூட்டாமிக் 3, ஆக 5 நீலம். கழித்தால் கூட்டல் 6.

எண்ணும்போதே இன்னொன்றும் கண்ணில் படும். இதில் டிரிப்டோஃபேனும் இல்லை, டைரோசினும் இல்லை. 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுவதை அளந்து புரத அடர்த்தி கண்டுபிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அது இங்கே உதவாது. கருவி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். அதை நம்பி பெப்டைடு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, கூட்டல் 6 எதற்கு உதவுகிறது? பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளில் லிப்போபாலிசாக்கரைடு. ஸ்டஃபைலோகாக்கஸில் டெக்காயிக் அமிலம். இரண்டிலுமே செல்சவ்வில் ஃபாஸ்ஃபட்டிடைல்கிளிசரால். நம் செல்லின் வெளிப்புறச் சவ்வில் பெரும்பாலும் மின்னேற்றம் சமன்பட்ட கொழுப்புகள், கூடவே கொலஸ்டிரால். பெப்டைடு முதலில் எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒட்டிய பிறகு அது சுருளாக மாறுகிறது. சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்பும், எதிர்ப் பக்கம் கொழுப்பை விரும்பும். அப்படியே சவ்வுக்குள் புதைந்து அதைக் குலைக்கிறது.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் தன் சவ்வுக் கொழுப்பில் லைசினையும் டெக்காயிக் அமிலத்தில் அலனினையும் ஒட்டி, எதிர்மின்னேற்றத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதோடு ஆரியோலைசின் என்ற நொதியை விட்டு எல்எல்-37-ஐத் துண்டாக்கவும் செய்யும். உங்கள் பிளேட்டில் ஈ.கோலையும் ஸ்டஃபைலோகாக்கஸும் வேறு வேறு விடை தந்தால், விவாதப் பகுதியில் எழுத விஷயம் இருக்கிறது.

வாங்கும்போது

பெப்டைடை எச்பிஎல்சி தூய்மை 95 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். காசு இருந்தால், அதே 37 அமினோ அமிலங்களை வரிசை குலைத்துச் செய்த கட்டுப்பாட்டு பெப்டைடும் ஒன்று வாங்குங்கள். மின்னேற்றம் அதே கூட்டல் 6 இருக்கும், சுருளின் இரு பக்க ஒழுங்கு இருக்காது. மின்னேற்றம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அந்த ஒரு குப்பி பதில் சொல்லும்.

96 குழித்தட்டு பாலிப்ரொப்பிலீனில்தான் இருக்க வேண்டும். லேபில் அடுக்கி வைத்திருக்கும் தெளிவான, பளபளப்பான தட்டுகள் பாலிஸ்டைரீன். பெப்டைடு அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழியில் நீங்கள் போட்டதாக நினைக்கும் அளவு இருக்காது. செல் கல்ச்சருக்கென்று மேற்பரப்பைப் பதப்படுத்திய தட்டு இன்னும் மோசம். கண்ணாடிக் குழாயும் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் தட்டு லேசாகப் பால்போல் மங்கலாக இருக்கும், விலையும் கூடுதல். துறைத்தலைவர் முணுமுணுத்தாலும் வாங்கிவிடுங்கள்.

பாக்டீரியாவுக்கு ஈ.கோலை ஏடிசிசி 25922, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 29213. மருத்துவமனையிலிருந்து யாரோ தந்த பெயர் தெரியாத ஐசோலேட்டில் ஆரம்பிக்காதீர்கள். தரக்கட்டுப்பாட்டு ஸ்ட்ரெயின் ஓடி முடிந்தபின் அதைப் பார்க்கலாம். இரண்டுமே பயோசேஃப்டி கேபினெட்டுக்குள், கையுறையோடு. ஊடகம் முல்லர்-ஹின்டன் பிராத், கால்சியமும் மக்னீசியமும் தனியாகச் சேர்க்காதது. வழக்கமான ஆன்டிபயாட்டிக் சோதனைக்கு அவற்றைச் சேர்த்த ஊடகம்தான் விதி. ஆனால் லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவதே அந்த இரு அயனிகள்தான். பெப்டைடு அவற்றை இடம்பெயர்த்துத்தான் உள்ளே போக வேண்டும். கூடுதலாகச் சேர்த்தால் எம்ஐசி ஏறும்.

கரைப்பது

பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது, பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் கடந்துபோவதும் இங்கேதான்.

குப்பியில் 1 மில்லிகிராம் என்று இருக்கும். அது பொடியின் எடை. பெப்டைடின் எடை இல்லை. தயாரிப்பின்போது ஒட்டிய ட்ரைஃபுளோரோஅசிட்டேட்டும் ஈரமும் அதில் சேர்த்தி. கூட வரும் தாளில் நிகர பெப்டைடு சதவீதம் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குப்பியில் உண்மையில் இருப்பது 750 மைக்ரோகிராம்.

நாம் குழியில் பார்க்கப்போகும் உச்ச அளவு மில்லிக்கு 64 மைக்ரோகிராம். அதன் 20 மடங்கு 1280. 750-ஐ 1280-ஆல் வகுத்தால் 0.586, ஆகவே 586 மைக்ரோலிட்டர் கிருமிநீக்கிய நீரில் கரைக்க வேண்டும். நிகர அளவைப் பார்க்காமல் 781 மைக்ரோலிட்டர் ஊற்றினால், உங்கள் 64 உண்மையில் 48. கடைசியில் வரும் எம்ஐசி அத்தனையும் கால்பங்கு பொய். கடைசியாக, 64 என்பதை மைக்ரோமோலாரிலும் எழுதுங்கள்: எல்எல்-37-இன் மூலக்கூறு எடை சுமார் 4493, ஆகவே 14.2 மைக்ரோமோலார். வேறு நீளமுள்ள பெப்டைடோடு ஒப்பிட இதுதான் நியாயமான அலகு.

கரைத்த பெப்டைடை அதே கனஅளவு நீர்மத்தோடு கலக்குங்கள். அந்த நீர்மத்தில் 0.02 சதவீத அசிட்டிக் அமிலமும் 0.4 சதவீத போவைன் சீரம் ஆல்புமினும் இருக்க வேண்டும். இப்போது கையில் இருப்பது 10 மடங்குக் கரைசல், மில்லிக்கு 640. இதைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டு போக 0.01 சதவீத அசிட்டிக் அமிலம், 0.2 சதவீத ஆல்புமின் கொண்ட நீர்மம் வேண்டும். குழாய்ச் சுவரில் ஆல்புமின் முதலில் ஒட்டிக்கொண்டு பெப்டைடுக்கு இடம் கொடுக்காது. அமிலம் பெப்டைடுகள் ஒன்றோடொன்று திரளாமல் பார்த்துக்கொள்ளும். வான்கூவரில் ராபர்ட் ஹான்காக்கின் ஆய்வகம் பரப்பிய முறை இது. இன்று பலரும் பின்பற்றுகிறார்கள்.

நீர்க்கும்போது ஒவ்வொரு படிக்கும் புது டிப். ஒரே டிப்பை வைத்துக் கீழே வரை இழுத்தால் மேல் குழாயின் பெப்டைடு டிப்போடு சேர்ந்து கீழே வரும். 640, 320, 160 என்று பத்துக் குழாய்கள், கடைசியில் 1.25. குழியில் பத்தில் ஒன்றாகும்போது 64-லிருந்து 0.125 வரை.

பாக்டீரியாவும் தட்டும்

முந்தைய நாள் தட்டில் வளர்ந்த தனிக் காலனிகள் சிலவற்றை எடுத்து உப்புநீரில் கலக்கி, மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு மில்லியில் சுமார் 15 கோடி செல்கள். அதை முல்லர்-ஹின்டனில் 300 மடங்கு நீர்த்தால் சுமார் 5 லட்சம். நீர்த்த அரை மணிக்குள் தட்டில் ஏற்றிவிடுங்கள், அவை பெருகத் தொடங்கிவிடும். மிச்சத்தில் கொஞ்சத்தை அகாரில் பரப்பி உண்மையில் எத்தனை இருந்தன என்று மறுநாள் எண்ணுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் "5 லட்சம்" என்று தீசிஸில் எழுதுகிறவர்களே அதிகம். பாக்டீரியா பத்து மடங்கு கூடுதலாக இருந்தால் பெப்டைடு அத்தனை சவ்வுகளிலும் பங்குபோய், எம்ஐசி சும்மாவே ஏறும்.

ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் பாக்டீரியா, 11 மைக்ரோலிட்டர் 10 மடங்குக் கரைசல். 1 முதல் 10 வரை பெப்டைடு. 11-ல் பெப்டைடு இல்லாத அமில-ஆல்புமின் நீர்மமும் பாக்டீரியாவும். இதில் நன்றாக வளர வேண்டும். 12-ல் வெறும் ஊடகம். இதில் ஒன்றும் வளரக் கூடாது. ஒரே தட்டில் மூன்று வரிசை ஒரே பெப்டைடு.

பாலிமிக்சின்-பி கட்டுப்பாட்டுக்குத் தனித் தட்டு போடுங்கள். ஈ.கோலை 25922-க்கு அது 0.25-லிருந்து 2 மைக்ரோகிராமுக்குள் வர வேண்டும் என்பது ஆய்வகச் சோதனைகளுக்குத் தரவிதி வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐயின் எல்லை. அந்த எல்லை கால்சியம், மக்னீசியம் சேர்த்த ஊடகத்துக்குரியது. அதில் வைத்தால்தான் ஒப்பிட முடியும். ஸ்டஃபைலோகாக்கஸுக்குப் பாலிமிக்சின் வைக்காதீர்கள். அதற்கு லிப்போபாலிசாக்கரைடு உள்ள வெளிச்சவ்வே கிடையாது, கேட்காது. வான்கோமைசின் வையுங்கள், 29213-க்கு 0.5 முதல் 2.

37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். தட்டை மூடி, நனைத்த டிஷ்யூ உள்ள டப்பாவில் வையுங்கள். நம்மூர்க் கோடையில் ஓரக் குழிகள் காய்ந்து விடையைக் கெடுக்கும். இரவில் கரண்ட் போய்வரும் லேபானால், மறுநாள் முதலில் பார்க்க வேண்டியது 11-ஆம் குழியை. அது சோம்பலாக இருந்தால் மற்ற குழிகளைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, மறுபடி போடுங்கள்.

படிப்பது

ஜன்னல் பக்கம் போய் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, அடியிலிருந்து பாருங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் குழியின் நடுவில் வெள்ளைப் பொட்டுபோல் இறங்கியிருக்கும். ஈ.கோலை பெரும்பாலும் முழுக் குழியிலும் கலங்கலாகப் பரவியிருக்கும், லேசாகத் தட்டினால் சுருள் சுருளாக எழும். எந்தக் குழியிலிருந்து தெளிவு தொடங்குகிறதோ அந்த அளவு எம்ஐசி.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. 64 குழி கலங்கலாக, 32-ம் 16-ம் தெளிவாக இருக்கும்! அளவு கூடக்கூட பாக்டீரியா வளருமா? வளராது. கூடிய அளவில் பெப்டைடு ஊடகத்தின் எதிர்மின் பொருள்களோடு சேர்ந்து வீழ்படிவாகியிருக்கும். பாக்டீரியாவின் கலங்கல் வழுவழுப்பாக இருக்கும். வீழ்படிவு மணல்மணலாக, குழியைச் சாய்த்தால் ஒரு பக்கமாக ஒதுங்கும். சந்தேகமென்றால் ரெசாசூரின் என்ற நீலச் சாயம் சில மைக்ரோலிட்டர் விட்டு இரண்டு மணி நேரம் பொறுங்கள். உயிருள்ள செல்கள் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். வீழ்படிவு மட்டும் இருந்தால் நீலம் நீலமாகவே நிற்கும்.

தெளிந்த குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் சொட்டு வையுங்கள். தொடக்கத்தில் அந்த 10 மைக்ரோலிட்டரில் 5,000 செல்கள் இருந்தன, 99.9 சதவீதம் செத்திருந்தால் 5 காலனிக்கு மேல் வராது. அந்த அளவு எம்பிசி, அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மிகக் குறைந்த அளவு. எல்எல்-37 போன்ற சவ்வைக் குலைக்கும் பெப்டைடுகளுக்கு எம்ஐசியும் எம்பிசியும் பொதுவாக ஒன்றாகவோ அடுத்தடுத்த குழியிலோதான் இருக்கும். வெகுதூரம் விலகினால் பெப்டைடு கொல்லவில்லை, வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறது.

மூன்று தனித்தனி நாட்களில், தனித்தனியாக வளர்த்த பாக்டீரியாவோடு செய்யுங்கள். ஒரு நாள் 16, ஒரு நாள் 32, ஒரு நாள் 16 வந்தால் விடை 16. இரட்டிப்பு நீர்ப்பில் ஒரு குழி முன்பின் போவது இந்த முறையின் இயல்பு. 21.3 கூட்டல் கழித்தல் 9.2 என்று சராசரி போட்டு அனோவாவும் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். தட்டில் 21.3 என்று ஒரு குழியே கிடையாது.

உப்பும் சீரமும்

எம்ஐசியோடு நிறுத்தினால் ப்ராஜெக்ட் முடிந்தது என்று கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் பெப்டைடு உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது அடுத்த சோதனையில்தான் தெரியும், அதுவும் ஒரே பிற்பகல் வேலை.

10 மில்லிமோலார் சோடியம் ஃபாஸ்ஃபேட் பஃபர், பிஎச் 7.4, நான்கு குழாய்கள். ஒன்று வெறுமனே. இரண்டாவதில் 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, அதாவது 100 மில்லிக்கு 0.88 கிராம். மூன்றாவதில் அந்த உப்போடு 1 மில்லிமோலார் மக்னீசியம். நான்காவதில் உப்போடு 10 சதவீத சீரம். 56 டிகிரியில் அரை மணி சூடாக்கி காம்ப்ளிமென்ட்டை (தானாகவே பாக்டீரியாவைக் கொல்லக்கூடிய சீரப் புரதங்கள்) செயலிழக்கச் செய்தது. எல்லாவற்றிலும் ஒரே அளவு பெப்டைடு, ஒரே அளவு ஈ.கோலை. ஒவ்வொன்றுக்கும் பெப்டைடு இல்லாத ஜோடிக் குழாயும் வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து நீர்த்துப் பரப்பி, காலனி எண்ணுங்கள்.

முதல் குழாயில் அதிகமாகச் சாகும், வரிசையாகச் சாவு குறைந்துகொண்டே வரும். உப்பு மின்னேற்ற ஈர்ப்பை மறைக்கிறது. மக்னீசியம் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் கட்டி நிறுத்துகிறது. சீரத்தில் உள்ள லிப்போபுரோட்டீன் பெப்டைடைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சீரம் பெப்டைடைக் கட்டுவதை நோய் எதிர்ப்பின் குறை என்று நினைக்க வேண்டாம். ரத்தக்குழாய் முழுக்க கட்டவிழ்ந்த எல்எல்-37 ஓடினால் நம் செல்களுக்கே ஆபத்து.

நேரம் இருந்தால் ஐந்தாவது குழாயில் உப்போடு 25 மில்லிமோலார் சோடியம் பைகார்பனேட் சேர்த்துப் பாருங்கள். ரத்தத்தில் இருக்கும் அளவுதான் அது. பைகார்பனேட் உள்ள சூழலில் பாக்டீரியா எல்எல்-37-க்கு எளிதில் மசிகிறது என்று 2006-ல் சான் டியாகோவில் ரிச்சர்ட் கேலோவின் குழு காட்டியது. முல்லர்-ஹின்டன் எம்ஐசியை மட்டும் பார்த்து ஒரு பெப்டைடை ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைதல்) சோதனையும் செய்யுங்கள், பெப்டைடு நம் செல்லை எந்த அளவில் உடைக்கிறது என்று தெரிய வேண்டும். ஆட்டு ரத்தம் கசாப்புக் கடையில் கிடைக்கும்; சிட்ரேட் போட்ட குழாயோடு காலையிலேயே போங்கள், உறைந்த பிறகு பயனில்லை. மனித ரத்தம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். அணுக்களை மூன்று முறை கழுவி 2 சதவீதமாக்கி, பெப்டைடோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சுழற்றி, மேல்நீரை 540 நானோமீட்டரில் அளங்கள். எல்லா அணுக்களையும் உடைத்துவிடும் 0.1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 போட்டது நூறு, வெறும் பஃபர் பூஜ்யம்.

எழுதும்போதும் வைவாவிலும்

அறிமுகத்தில் சுண்டெலியை மனிதனோடு குழப்பாதீர்கள். சுண்டெலியின் நியூட்ரோஃபிலில் ஆல்ஃபா-டிஃபென்சின் (மேலே சொன்ன டிஃபென்சின் வகை) கிடையாது. வைட்டமின்-டி சங்கதியும் அப்படித்தான். காசநோய்க் கிருமியை உணர்ந்த மனித மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் இன்னொரு வகைச் செல்), வைட்டமின்-டி ஏற்பி வழியாகக் கேத்தலிசிடினை, அதாவது எல்எல்-37 வரும் புரதத்தை, தயாரிக்கிறது என்று 2006-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் மாட்லினின் குழு வெளியிட்டது. சுண்டெலியின் மரபணுவில் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதி இல்லை. இந்த ஆய்வைக் காட்டி மாத்திரை விற்கிறவர்களும் உண்டு; மேக்ரோஃபேஜில் பார்த்ததற்கும் காசநோயாளிக்கு மாத்திரை கொடுத்துக் குணமாக்குவதற்கும் நடுவே ரொம்ப தூரம் இருக்கிறது.

"கூடுதல் பெப்டைடு, கூடுதல் பாதுகாப்பு" என்றும் எழுத வேண்டாம். சோரியாசிஸில் எல்எல்-37 அளவுக்கு மீறிச் சேர்ந்து, சிதைந்த செல்களின் டிஎன்ஏவோடு கூடிக்கொண்டு அழற்சியைத் தூண்டுகிறது. அட்டோபிக் எக்ஸிமாவில் அது போதுமான அளவு உயராததால் ஸ்டஃபைலோகாக்கஸ் தோலில் குடியேறுகிறது.

வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பெரும்பாலும் இதைக் கேட்பார்: "உன் எம்ஐசி 32. ரத்தத்தில் இருப்பதோ 1. அப்புறம் இது எப்படிக் கிருமியைக் கொல்லும்?" நோட்டில் குறித்து வைத்த இரண்டு எண்களை இப்போது எடுங்கள். ரத்தத்தில் ஓடுவது வெட்டப்படாத முன்வடிவம். வேலை நடப்பது ஃபேகோசோமுக்குள், மில்லிகிராம் அடர்த்தியில். அதோடு நான்கு குழாய்களின் காலனி எண்ணிக்கையைக் காட்டுங்கள். அதே பெப்டைடு, அதே அளவு, சூழல் மாறினால் விடை மாறுகிறது என்பதற்கு உங்கள் கையால் செய்த ஆதாரம் அது. 64-லும் பாக்டீரியா வளர்ந்திருந்தால் "64-க்கு மேல்" என்று அப்படியே எழுதுங்கள். கட்டுப்பாடுகள் சரியாக ஓடியிருந்தால் அதுவும் முழு விடைதான், யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். மிச்சமிருக்கும் பெப்டைடை, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பாலிப்ரொப்பிலீன் குழாய்களில் மைனஸ் 20-ல் வையுங்கள். உருக்கி உறையவைத்து மறுபடி உருக்கக் கூடாது. குழாயின் மேல் பெயர், தேதி, அடர்த்தியோடு நிகர பெப்டைடு சதவீதத்தைக் கழித்துத்தான் கணக்கிட்டது என்பதையும் எழுதுங்கள். அடுத்த பேட்ச் மாணவர் இன்னொரு முறை கழித்துவிடாமல் இருப்பார்.